எட்டரைக்குத் தூங்கிவிட்டாள்

ஜூன் 9

அன்புத் தங்கைக்கு,

அக்கா எழுதுவது. நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நீயும் உன் வீட்டுக்காரரும் என் மகள் வண்டும் சுகம்தானே?

ஒன்றரை நாள் ரயிலில் உட்கார்ந்து வந்ததில் இடுப்பு இன்னும் என் பேச்சைக் கேட்கவில்லை. விடுதியில் ஓர் அறைக்கு மூன்று பேர். பயிற்சிக் கூடத்தில் முதல் நாளே ஆளுக்கொரு தாடை அச்சைக் கொடுத்து, கடைவாய்ப் பல்லை மெழுகில் செய்து காட்டச் சொன்னார்கள். பன்னிரண்டு வருஷமாகப் பல் கட்டுகிறவள், எனக்கா தெரியாது என்று செய்து நீட்டினேன். வாத்தியார் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது பல்லா, பட்டாணியா?" என்றார். ஒன்பது மாதம் இருந்து பீங்கான் பல் வேலையை முழுதாகக் கற்றுக்கொண்டுதான் திரும்புவேன். அதற்குள் அவரை வாய் மூட வைக்கிறேன், பார்.

வண்டுக்காக நான் எழுதிக் கொடுத்த நோட்டைச் சமையலறையில் வைத்திருக்கிறாய் அல்லவா? மறுபடி சொல்கிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே. அவளுக்கு இருப்பது ஏ.டி.எச்.டி. என்று டாக்டர் பெயர் சொன்ன அன்றைக்கு நான் எப்படி உட்கார்ந்திருந்தேன் என்று நீ பக்கத்தில் இருந்து பார்த்தவள். அவள் செய்வது திமிரும் இல்லை, பிடிவாதமும் இல்லை. கேட்கக் கூடாது என்று கேட்காமல் இருக்கவில்லை. சொல்வது அவள் காதில் விழுந்து கைக்கு வருவதற்குள் நடுவில் நாலு விஷயம் அவளைக் கூப்பிட்டுவிடுகிறது. அதனால்தான் ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லச் சொன்னேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அரை மணி நேரம் வெளியே ஓடவிடு, அதன்பிறகுதான் புத்தகம். பத்து நிமிஷம் படிப்பு, மூன்று நிமிஷம் குதியாட்டம். காலையில் ஒரு முட்டையாவது உள்ளே போகட்டும். ஏழரைக்கு டி.வி. அணைய வேண்டும், எட்டரைக்குப் படுக்கை. நல்லது செய்தால் அந்த நிமிஷமே சொல்லிவிடு, சாயந்திரம்வரை சேர்த்து வைக்காதே.

இதெல்லாம் வைத்து இந்த வருஷம் ஓட்டுவோம், போதவில்லை என்றால் மருந்தைப் பற்றி யோசிக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதை நான் வந்து அவரிடம் பேசிக்கொள்கிறேன். உனக்கு அந்தக் கவலை வேண்டாம்.

மருந்துக் கடையில் நாளெல்லாம் நின்றுவிட்டு வந்து இவளையும் மேய்க்க வேண்டும். தெரியும். உன்னைத் தவிர யாரிடமும் இவளை விட்டிருக்க மாட்டேன்.

உன் அன்பு அக்கா


ஜூன் 21

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். உன் இடுப்பு சொன்ன பேச்சு கேட்கிறதா?

உன் மகள் வந்து பதினைந்து நாள் ஆகிறது. என் வீட்டுக்குப் பதினைந்து வயசு கூடிவிட்டது. நேற்று ஃபிரிட்ஜைத் திறந்தால் உள்ளே ஒற்றைச் செருப்பு. கேட்டேன். "சித்தி, தண்ணி எடுக்க வந்தேன், கையில செருப்பு இருந்துச்சு, பாட்டிலை எடுத்ததும் செருப்பை மறந்துட்டேன்" என்றாள். எவ்வளவு நியாயமான பதில்! நானும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

நீ சொன்னபடி நாற்காலிக் கால்களுக்கு நடுவே பழைய சைக்கிள் டியூபை இழுத்துக் கட்டினேன். காலால் அதை உதைத்துக்கொண்டே கணக்குப் போடுகிறாள். ஒன்பது கணக்கில் ஏழு சரி. ஆனால் அந்த டொய்ங் டொய்ங் சத்தம் இருக்கிறதே! இவர் அச்சகத்தில் ராத்திரி வேலை முடித்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர். நாலு மணிக்கு வண்டு வீட்டுக்குள் நுழைந்தால் அவருக்குத் தூக்கம் போயிற்று. நான் கடையிலிருந்து வர ஆறு ஆகிறது. நேற்றுத் தலையைப் பிடித்துக்கொண்டு, "இது வீடா, பஸ் ஸ்டாண்டா?" என்றார். வண்டு உடனே, "எந்த பஸ் சித்தப்பா வேணும்?" என்றாள். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

எட்டரைக்குப் படுக்கை என்கிறாய். எட்டரைக்குப் படுக்கைதான், தூக்கம் பத்துக்கு. நடுவில் பதினெட்டுக் கேள்வி. மீனுக்கு இமை இருக்கிறதா என்று நேற்றுக் கேட்டாள். உனக்குத் தெரியுமா?

கஷ்டம்தான், பொய் சொல்லமாட்டேன். ஆனால் ரயில் ஏறும்போது "உன்னால முடியுமாடி?" என்று மூன்று தடவை கேட்டாயே, முடியும். எழுதி வைத்துக்கொள்.

உன் தங்கை

(அம்மா நான் தான். இது வண்டு படம். இதுக்கு எட்டு கால் போட்டுட்டேன் ஆறுதான்னு சித்தப்பா சொன்னார் ரெண்டு காலை செருப்புன்னு வச்சுக்கோ)


ஜூலை 15

அன்புத் தங்கைக்கு,

சுகம்தானே? மூன்று வாரமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. வாரம் தவறாமல் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைக்கிறாயா? போனில் என்ன பேச முடிகிறது! விடுதி வாசலில் ஒரு போன், பின்னால் எட்டுப் பேர் வரிசை.

போன ஞாயிற்றுக்கிழமை உன் குரல் சரியாக இல்லை. "ஒண்ணுமில்லக்கா, தொண்டை கட்டியிருக்கு" என்றாய். வண்டிடமும் என்னைச் சரியாகப் பேசவிடவில்லை, வைத்துவிட்டாய். ஏதாவது நடந்ததா? இவள் எதையாவது உடைத்தாளா? உன் வீட்டுக்காரர் கோபப்பட்டாரா? எதுவாக இருந்தாலும் எழுது. முடியவில்லை என்றாலும் எழுது. அதில் தப்பு ஒன்றும் இல்லை.

மீனுக்கு இமை கிடையாதாம். இங்கே ஒருத்தியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். வண்டிடம் சொல்லிவிடு.

உன் அன்பு அக்கா


ஜூலை 26

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் நலம் அறிய ஆவல்.

நீ பயப்படும்படி எதுவும் நடக்கவில்லை. என் முட்டியில்தான் ஒரு சிராய்ப்பு, அது எனக்கு, அவளுக்கு இல்லை. கடையில் வேலை அதிகம். அதனால்தான் எழுதவில்லை.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். தப்பாக எடுத்துக்கொள்ளாதே. நீ போன் செய்கிற அன்றைக்கும் மறுநாளும் வண்டு ஒரு நிலையில் இருப்பதில்லை. அம்மா எப்ப வருவா, இன்னிக்கே போகலாமா என்று அரற்றுகிறாள். கட்டி எழுப்பிய பழக்கமெல்லாம் சரிந்துபோகிறது. கொஞ்ச நாளைக்குக் கடிதத்தோடு நிறுத்திக்கொள்வோமா? அவள் நல்லதுக்குத்தான் கேட்கிறேன்.

மற்றபடி அவள் இப்போது நன்றாக ஒரு ஒழுங்குக்கு வந்துவிட்டாள். எட்டரைக்குத் தூங்கிவிடுகிறாள்.

உன் தங்கை


செப்டம்பர் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலம் அறிய ஆவல். போன் செய்யமாட்டேன் என்று ஒத்துக்கொண்டு நீ போட்ட கார்டு அப்போதே கிடைத்தது. அதை எழுத உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

வண்டைப் பார்த்தால் உனக்கே அடையாளம் தெரியாது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அரை மணி நேரம் வெளியே ஓடிவிட்டு வருகிறாள். அதன்பிறகுதான் புத்தகம். பத்து நிமிஷம் படிப்பு, மூன்று நிமிஷம் குதியாட்டம். டியூபை உதைத்துக்கொண்டே வீட்டுப்பாடத்தை முடித்துவிடுகிறாள். காலையில் ஒரு முட்டை சாப்பிடுகிறாள். ஏழரைக்கு டி.வி. அணைகிறது. எட்டரைக்குத் தூங்கிவிடுகிறாள், ஒரு நாள்கூடத் தவறியதில்லை. பரீட்சையில் இரண்டு மணி நேரம் இடத்தைவிட்டு எழுந்திருக்கவே இல்லை என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். இவரும் நிம்மதியாகத் தூங்குகிறார்.

அக்டோபரில் உனக்குப் பத்து நாள் விடுப்பு வருகிறதே, அதைப் பற்றி ஒன்று. நீ வந்துவிட்டு மறுபடி கிளம்பினால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். இன்னும் ஆறு மாதம்தானே? பல்லைக் கடித்துக்கொள். உன்னிடம்தான் பல் நிறைய இருக்கிறதே.

உன் தங்கை

(அம்மா நல்லா இருக்கேன். நீ நல்லா இரு.)


செப்டம்பர் 15

என் அருமைத் தங்கைக்கு,

உன் கடிதத்தை அறையில் இருக்கிற இரண்டு பேருக்கும் வாசித்துக் காட்டினேன். பிறகு சாப்பாட்டுக் கூடத்தில் இன்னும் நாலு பேருக்கு. "என் தங்கச்சி கைவரிசை" என்று சொல்லிச் சொல்லி என் வாய் வலித்துவிட்டது. பெற்றவளால் இரண்டு வருஷத்தில் முடியாததை நீ மூன்று மாதத்தில் செய்துவிட்டாய். ஒரு நிமிஷம் பொறாமையாக இருந்தது. மறு நிமிஷம், அதைப் படித்துக்கொண்டே அழுதேன்.

விடுப்புக்கு வரவில்லை. டிக்கெட் வாங்கி வைத்திருந்தேன், திருப்பிக் கொடுத்துவிட்டேன். இங்கேயே இருந்து முன்பல் வரிசையைப் பழகிக்கொள்கிறேன். வாத்தியார் நேற்று என் பல்லை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அவர் அகராதியில் அது பாராட்டு.

ஒரு சின்னக் கேள்வி. வண்டு எழுதிய வரி கோடு விட்டுக் கீழே இறங்கிக்கொண்டே போகிறதே, ஏன்? படமும் போடவில்லை. அவளுக்கு ஒரு வரியோடு நிறுத்தத் தெரியாதே. உடம்புக்கு ஏதாவதா? சும்மா கேட்டேன். தூரத்தில் இருந்தால் மனசு எதையாவது கிளறிக்கொண்டே இருக்கும்.

உன் அன்பு அக்கா


அக்டோபர் 28

அம்மா அவர்களுக்கு வணக்கம்.

நான் உங்கள் மகளின் நாலாம் வகுப்பு ஆசிரியை. ஜூனில்தான் இந்தப் பள்ளிக்கு வந்தேன். நாம் நேரில் பார்த்ததில்லை. நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

கடிதம் எழுதும் பாடத்துக்காகப் பிள்ளைகளை வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு எழுதச் சொன்னேன். உங்கள் மகள் எழுதியதைத் திருத்தாமல், மதிப்பெண் போடாமல் அப்படியே அனுப்புகிறேன். உங்கள் விடுதி முகவரி பள்ளிக்கூடப் பதிவேட்டில் இருந்தது. ஆகஸ்டிலிருந்து அவள் வகுப்பில் தூங்கித் தூங்கி விழுகிறாள். உங்கள் தங்கையைக் கூப்பிட்டு விசாரித்தேன். வீட்டுக்கு விருந்தாளிகள் வந்திருந்தார்கள், தூக்கம் கெட்டுவிட்டது என்றார். மூன்று தடவையும் அதே பதில். இதைப் படித்த பிறகு உங்களுக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது என்று தோன்றியது.

இப்படிக்கு,
வகுப்பு ஆசிரியை

அன்புள்ள அம்மாவுக்கு,

நீ நல்லா இருக்கியா நான் நல்லா இருக்கேன். இப்படித்தான் ஆரம்பிக்கணும்னு டீச்சர் சொன்னாங்க. உன் வேலையில போன் பேசினா திட்டுவாங்களாமே சித்தி சொன்னா. பாவம் நீ. லீவும் குடுக்கலையாம்.

நான் இப்ப ரொம்ப நல்ல பொண்ணு ஆயிட்டேன். ஸ்கூல் விட்டு வந்ததும் ஒரு மூடி மருந்து ராத்திரி ஒரு மூடி. பரீட்சை அன்னைக்கு காலையிலயும். ரோஸ் கலர் இனிப்பா இருக்கும் கடைசியில கசக்கும். டியூப் நாற்காலி மாடிக்கு போயிடுச்சு. வெளிய விளையாட போறதில்ல. போகணும்னு தோணவும் இல்ல. ஓடலாம்னு நினைச்சா காலு கனமா இருக்கு. ஆனா யாரும் திட்டறதில்ல. சித்தி என் தலையை தடவி குடுப்பா. சித்தி சில நாள் அழுவா ஏன்னு தெரியல.

மீனுக்கு இமை இருக்கான்னு நீ சொல்லவே இல்ல.

இப்படிக்கு வண்டு


நவம்பர் 4

அன்புத் தங்கைக்கு,

நலம். நீங்கள் எல்லோரும் நலம்தானே?

இங்கே மழை. கையில் பீங்கான் மாவு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது.

வண்டுக்குச் சளி, இருமல் ஏதாவது இருக்கிறதா? மருந்து எதுவும் கொடுக்கிறாயா? ஒரு வரி எழுது. கேள்வி இவ்வளவுதான்.

அக்கா


நவம்பர் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலம் அறிய ஆவல். சளியும் இல்லை, இருமலும் இல்லை. மருந்து எதற்கு? நீதான் டாக்டரிடம் பேசிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாயே, அதை மீறி நான் எதையாவது கொடுப்பேனா? மருந்துக் கடையில் வேலை செய்கிறவளிடம் கேட்கிற கேள்வியா இது!

கண்டதை நினைத்துக் குழப்பிக்கொள்ளாதே. இன்றைக்கும் எட்டரைக்குத் தூங்கிவிட்டாள்.

உன் தங்கை


டிசம்பர் 3

தங்கைக்கு,

அன்றைக்கு உன்னைப் பார்க்காமல் வந்துவிட்டேன். நீ என் வீட்டு வாசலில் வந்து நின்றபோதும் கதவைத் திறக்கவில்லை. பேசினால் கத்துவேன். வண்டு உள்ளே இருந்தாள். அதனால் எழுதுகிறேன்.

உன் பதிலை வாங்கிப் படித்த மறுநாள் விடிகாலையே ரயில் ஏறினேன். உன் வீட்டுக்கு வந்தபோது சாயந்திரம் மணி ஐந்து. உன் வீட்டுக்காரர்தான் கதவைத் திறந்தார். வண்டு கூடத்துத் தரையில் கிடந்தாள். பள்ளிக்கூடச் சீருடை, ஒரு காலில் ஷூ, வாயோரம் எச்சில். "வண்டு" என்று கூப்பிட்டேன். தோளைப் பிடித்து உலுக்கினேன். கண் திறக்கவில்லை.

"இப்ப எழுப்பினா எழுந்திரிக்க மாட்டா அண்ணி, ஏழு மணிக்கு அவளா முழிப்பா. வந்ததும் ஒரு மூடி குடுத்தேன்" என்றார் உன் வீட்டுக்காரர். சாதாரணமாகத்தான் சொன்னார். என் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவருக்கு ஏதோ உறைத்தது. "உங்க டாக்டர் எழுதிக் குடுத்த மருந்துன்னுதானே சொன்னா?" என்றார். உன் கையால் மட்டும் இல்லை, ஒன்றும் தெரியாத மனுஷன் கையாலும் கொடுக்க வைத்திருக்கிறாய்.

பாட்டிலைப் பார்த்தேன். சளிக்குக் கொடுக்கிற மருந்து. உன் கடை முத்திரை. தூக்கம் வரும் என்று அதிலேயே அச்சடித்திருக்கிறது.

அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினேன். ஒன்பது வயசுப் பெண்ணை மூன்று தெரு அப்படியே சுமந்தேன். அவள் கனம் எனக்குத் தெரியும். அது வேறு கனம்.

டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். பயப்படும்படி எதுவும் இல்லை, ஆனால் விளையாட்டாகக்கூட இதைச் செய்யக் கூடாது என்றார். மருந்தே ஆகாது என்று சொல்கிறவள் இல்லை நான். அவர் பார்த்து, எடை பார்த்து, என்ன என்று சொல்லி எழுதிக் கொடுத்தால் நாளைக்கே கொடுப்பேன். நீ கொடுத்தது அவளுக்கான மருந்து இல்லை. வீடு சத்தமில்லாமல் இருப்பதற்கான மருந்து.

இந்த இரண்டு வாரமாக அவளுக்குத் தூக்கம் இல்லை, எரிச்சல், அழுகை. ஒரு நாள் சாயந்திரம் தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டாள். தண்ணீர் கொட்டியதைப் பார்த்ததும் ஓடிப்போய் அலமாரி அலமாரியாகத் தேடினாள். என்னடி தேடுகிறாய் என்றேன். "நல்ல பொண்ணு மருந்து எங்கம்மா வச்சிருக்க? நான் குடிக்கணும், நான் கெட்டவளா ஆயிட்டிருக்கேன்" என்றாள்.

இதை இன்னொரு தடவை படித்துவிட்டு மேலே படி.

நீ எழுதிய கடிதங்களை எடுத்து வைத்துக்கொண்டு, உன் வீட்டிலிருந்து எடுத்து வந்த நோட்டையும் திறந்தேன். செப்டம்பரில் நீ எழுதியது முழுக்க என் வாக்கியங்கள். 'அதன்பிறகுதான் புத்தகம்.' 'பத்து நிமிஷம் படிப்பு, மூன்று நிமிஷம் குதியாட்டம்.' என் கையெழுத்தைப் பார்த்து எனக்கே எழுதி அனுப்பியிருக்கிறாய். அதைத்தான் நான் ஊரெல்லாம் வாசித்துக் காட்டினேன்.

இவள் அப்பா விட்டுவிட்டுப் போனபோது நான் இவ்வளவு உடையவில்லை. அவர் போவார் என்று எங்கேயோ தெரிந்திருந்தது. உன்னைப் பற்றி எனக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை. என்னிடம் போன் வேண்டாம் என்றாய், அவளிடம் அம்மாவைப் பேச விடமாட்டார்கள் என்றாய். நாலு மாதம் இரண்டு பேரும் ஒருவருக்காக ஒருவர் பொறுத்துக்கொண்டிருந்தோம்.

பயிற்சியைப் பாதியில் விட்டாயிற்று. இடம் காத்திருக்காது என்று எழுதிவிட்டார்கள். அது போகட்டும்.

ஏன் என்று மட்டும் எழுது.

அக்கா


டிசம்பர் 22

அக்கா,

சுகமா என்று கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

ஜூலையில் ஒரு வியாழக்கிழமை. எனக்குக் கடை விடுமுறை. நோட்டில் இருக்கிறபடி சாயந்திரம் அவளை ஓடவிடக் கூட்டிக்கொண்டு போனேன். எதிர்ப்பக்கத்தில் ஒரு நாய்க்குட்டி. நான் கையை நீட்டுவதற்குள் ரோட்டில் இறங்கிவிட்டாள். ஒரு வேன் கிறீச்சென்று நின்றது. அதன் முன்பக்கம் அவள் சட்டையில் பட்டுக்கொண்டிருந்தது அக்கா. தொட்டுக்கொண்டு. அவள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். நான் முட்டி தேய விழுந்து அவளைப் பிடித்தேன். டிரைவர் இறங்கி வந்து, "புள்ளையைப் பெத்தா மட்டும் போதுமா?" என்று கத்தினான். நான் பெற்றவள் இல்லை என்று சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை.

அன்றைக்கு அவளுக்குச் சளி இருந்தது. உண்மையாகவே சளி. ஒரு மூடி கொடுத்தேன். எட்டரைக்குத் தூங்கிவிட்டாள். வீட்டில் ஒரு சத்தம் இல்லை. நான் உட்கார்ந்து வெகுநேரம் அவள் மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவள் இப்போது எங்கேயும் ஓடமாட்டாள் என்று இருந்தது.

மறுநாள் அவளுக்குச் சளி இல்லை. அன்றைக்கும் கொடுத்தேன்.

இன்று ஒரு நாள் என்று நினைத்தேன், மன்னித்துவிடு. இந்த வாரம் மட்டும் என்று நினைத்தேன். உனக்கு எழுதலாம் என்று நாலு தடவை உட்கார்ந்தேன். 'முடியும், எழுதி வைத்துக்கொள்' என்று எழுதியவள் நான். நீ சின்ன வயசிலிருந்து எதையும் கீழே போட்டதில்லை. நான் எதைத் தூக்கினாலும் "பாத்துடி" என்பாய். இதையாவது கீழே போடாமல் உன் கையில் திருப்பிக் கொடுக்க நினைத்தேன். மன்னித்துவிடு. இவர் கேட்டபோது டாக்டர் கொடுத்தது என்று சொல்லிவிட்டேன். ஒன்று சொன்னபின் மற்றதெல்லாம் தானாக வந்தது. போன், விடுப்பு எல்லாம். நீ வந்து அவளைப் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவாய்.

என்னென்ன கலந்திருக்கிறது, எத்தனை மில்லி என்று எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் அதிகம் போகாமல் பார்த்துக்கொண்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கடையில் யாராவது ஒரு அம்மா வந்து, குழந்தை தூங்கமாட்டேன் என்கிறது என்று இந்த மருந்தைக் கேட்டால் கொடுக்கமாட்டேன், திட்டி அனுப்புவேன். அதையும் அந்த நாலு மாதத்தில் செய்தேன்.

கடையில் சொல்லிவிட்டேன். வேலையை விட்டுவிட்டேன். இவர் என்னோடு பேசுவதில்லை. மன்னித்துவிடு அக்கா. உன் வருஷத்தைக் கெடுத்துவிட்டேன், மன்னித்துவிடு. ஒரே ஒரு தடவை அவளைப் பார்க்கட்டுமா?

உன் தங்கை என்று போடலாமா, தெரியவில்லை.


பிப்ரவரி 8

தங்கைக்கு,

உன் கடிதம் ஏழு வாரமாக என்னிடம் இருக்கிறது. பதில் எழுத வரவில்லை.

வேன் விஷயத்தைப் படித்ததும் எழுந்துபோய் வண்டு வீட்டுக்குள்தான் இருக்கிறாளா என்று பார்த்துவிட்டு வந்தேன். அன்றைக்கே நீ எனக்கு எழுதியிருந்தால் நான் உன்னைத் திட்டியிருக்க மாட்டேன். ரயில் ஏறி வந்து உன் முட்டிக்கு மருந்து போட்டிருப்பேன். நீ என்னை அப்படி நினைக்கவில்லை. அதுவும் எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

பழைய வேலைக்கே போகிறேன். வண்டு மறுபடி ஓடுகிறாள். முதல் தடவை தெருமுனைவரை ஓடிவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு வந்து, "காலு கனமா இல்லம்மா" என்றாள். பத்து நிமிஷப் படிப்பை இப்போது ஏழு நிமிஷத்தில் தொடங்கியிருக்கிறோம். சில நாள் அதுவும் நடப்பதில்லை. டாக்டரோடு மருந்து பற்றிப் பேசினேன். அவள் முன்னாலேயே பேசினோம், பெயர் சொல்லி, எதற்கு என்று சொல்லி. "அது குடிச்சா நான் தூங்குவேனா?" என்று அவளே கேட்டாள். டாக்டர் பொறுமையாகப் பதில் சொன்னார். அடுத்த மாதம் முடிவு செய்வோம். ரோஸ் நிறத்தில் எதைக் கண்டாலும் இன்னும் இரண்டு அடி பின்னால் போகிறாள்.

உன்னைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். சித்தி ஏன் வரவில்லை, நான் ஏதாவது செய்தேனா என்று. கடைசியில் உட்காரவைத்துச் சொன்னேன். "சித்தி குடுத்த மருந்து உனக்குக் குடுக்க வேண்டிய மருந்து இல்லடா. உன்னைத் தூங்க வைக்கக் குடுத்தா. அது அவ செஞ்ச தப்பு. நீ அப்பவும் நல்ல பொண்ணுதான், அதுக்கு முன்னாடியும் நல்ல பொண்ணுதான்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அவள் பேசாமல் இருந்தால் எனக்கு இப்போது பயமாக இருக்கிறது. பிறகு கேட்டாள்: "சித்தி சாரி சொன்னாளா?"

"சொன்னா."

"என்கிட்டயா?"

உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். என்னிடம் நாலு இடத்தில் மன்னிப்பு கேட்டிருக்கிறாய். என் வருஷத்தைக் கெடுத்ததற்காக வருந்தியிருக்கிறாய். மருந்தைக் குடித்தது நான் இல்லை. அவளைப் பார்க்கலாமா என்று கேட்டாய், அதையும் என்னைத்தான் கேட்டாய்.

அவளுக்கு எழுது. பெரிய எழுத்தாக, அவளால் தானே படிக்கிற மாதிரி எழுது. என்ன கொடுத்தாய், எதற்குக் கொடுத்தாய் என்று மறைக்காமல் எழுது. கொஞ்சி எழுதாதே, படம் போடாதே. அவள் படித்துவிட்டு வா என்றால் வா. வேண்டாம் என்றால் அதையும் நான் அவள் பக்கம் நின்றுதான் சொல்வேன்.

எனக்கு எழுத வேண்டாம். நீ எழுதுவதை என்னால் இன்னும் கொஞ்ச காலத்துக்கு நம்ப முடியாது.

இப்படிக்கு,
வண்டின் அம்மா